ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: காலாட்படையும் வில்லாளரும்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999-இல் வெளியிட்ட கணினிப் போர் விளையாட்டு. இடைக்காலப் படைகளே இதன் களம்.

விலையும் வலுவும்: தொடக்கப் பதிப்பில் அடிப்படை வாள்வீரருக்கு 60 உணவும் 20 தங்கமும், வில்லாளருக்கு 25 மரமும் 45 தங்கமும் செலவாகும். இருவரின் தாக்குதிறனும் 4. உயிர்ப்புள்ளி வாள்வீரருக்கு 40, வில்லாளருக்கு 30. வில்லாளர் 4 கட்டத் தொலைவிலிருந்தே எய்வர்.

களத்தில்: கைகலப்பில் முன்வரிசை மட்டுமே மோதும், வில்லாளர் கூட்டத்திலோ பின்வரிசையும் எய்யும். ஆகவே எண்ணிக்கை கூடக்கூட வில்லாளர் கை ஓங்குகிறது. நெருங்கிவிட்டால் வாள்வீரரே வெல்வர். கட்டடங்களை இடிப்பதிலும் அவர்களே வல்லவர். வில்லாளரை அடக்க ஈட்டி எறிவோரும் கல்லெறி பொறிகளும் பயன்படுகின்றன.

நாகரிகங்கள்: பிரிட்டன்களின் நெடுவில்லாளர் மிகு தொலைவு எய்வர். கோத்துகளுக்குக் காலாட்படை மலிவு. அவர்களின் ஹஸ்கார்ல் வீரர் அம்புகளைத் தாங்குவதில் தேர்ந்தவர். 2022-இல் வந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் திராவிடர் நாகரிகத்தையும் அதன் சிறப்புக் காலாட்படையான உருமி வீரரையும் சேர்த்தது. இராசேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் இடம்பெற்றது.