எந்தக் கிட்டப்பா?

சென்ற ஆண்டு வைகாசியில் உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரின் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். இரவு பத்து மணிக்கு வள்ளி திருமணம் நாடகம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பகலில் கூட்டம் சேர்க்க வேண்டுமே என்று, ரேடியோ செட்காரர் வள்ளி திருமணத்தின் புதிய ஒலிப்பதிவு ஒன்றைக் குழாயில் போட்டுவிட்டார். அண்மையில் இளம் நடிகர்கள் சேர்ந்து பாடிப் பதிந்தது. சாவடித் திண்ணையில் நான்கு பெரியவர்கள். முதல் பாட்டு முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. குரல் இருக்கிறது, கட்டை போதாது என்றார் ஒருவர். ஆர்மோனியத்தைத் தூக்கிவிட்டுக் கீபோர்டை வைத்தவனை என்ன செய்வது என்று கேட்டார் இன்னொருவர். மூன்றாமவர் மட்டும் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார்: "கிட்டப்பா பாடுனதுக்கப்புறம் இத எவன் சார் பாடலாம்?"

அவருக்கு வயது எழுபதுக்கு மேல் இராது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933 டிசம்பரில் இருபத்தேழாம் வயதில் மறைந்தவர். பெரியவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மேடை இருண்டுவிட்டது. அப்படியானால் அவர் கேட்ட கிட்டப்பா எங்கிருந்து வந்தார்? இக்கேள்வி அன்று பகல் முழுவதும் நம்மை விடவில்லை.

நாடகத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஒழுங்குபடுத்தித் தந்த பாடல்களும் உரையாடல்களுமே இன்றும் நம் பள்ளத்தாக்கில் ஆடப்படும் வள்ளி திருமணத்தின் அடித்தளம். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்றவர்கள் டி. கே. எஸ். சகோதரர்கள். சிறுவர்களைக் கொண்ட அந்தக் கம்பெனிகளில் பாடம் உண்டு, ஒத்திகை உண்டு, வாத்தியாரின் பிரம்பும் உண்டு. ஸ்பெஷல் நாடகம் அப்படியன்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கப்படுகிறார்கள். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பபூன் எல்லாரும் அவ்வாறே. அன்று மாலைதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், சுவாமிகளின் பாட்டு எல்லாருக்கும் பாடம். மீதியை மேடையில் பார்த்துக்கொள்வார்கள். ஆக, ஒவ்வோர் இரவும் புதிய நடிகர் குழு. முதல் குழு என்று சுட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 1943-இல் 'ஓக்லஹோமா' என்ற இசைநாடகம் அரங்கேறியபோது, அதே நடிகர்களைக் கொண்டு டெக்கா நிறுவனம் இசைத்தட்டுத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. அது முதல், ஒரு பழைய நாடகம் மீண்டும் மேடையேறும்போதெல்லாம் புதிய குழுவின் பதிவு வருவதும், பழைய பதிவை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிடுவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு வாதாட ஒரு மூலம் இருக்கிறது. அச்சிட்ட இசைக்குறிப்பு இருக்கிறது, முதல் இரவில் நடித்தவர் பெயர் இருக்கிறது. சாவடிப் பெரியவர்களிடம் இவை எதுவும் இல்லை. ஆனால் தீர்ப்பின் உறுதி மட்டும் அவர்களுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அந்த உறுதி இசைத்தட்டு தந்தது. 1930-களில் நாடகப் பாட்டுகள் தமிழ்நாட்டு இசைத்தட்டு வாணிகத்தையே தூக்கி நிறுத்தின. தனிப்பாட்டுகள் போக, ஒரு கதை முழுவதையும் சில தட்டுகளில் அடக்கி 'நாடக செட்' என்ற பெயரிலும் விற்றார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டின் ஒரு பக்கம் மூன்று அல்லது மூன்றரை நிமிடம் ஓடும். ஆறு தட்டுகள் கொண்ட செட் என்றால் பன்னிரண்டு பக்கம். கூட்டிப் பார்த்தால் முக்கால் மணி நேரம்கூடத் தேறாது. பத்து மணிக்குத் தொடங்கிச் சேவல் கூவும்வரை நடக்கிற நாடகத்தை அதற்குள் திணிப்பதென்றால் எது வெட்டுப்படும்? பபூன் வெட்டுப்படுவார். நாரதரும் வள்ளியும் ஒரு மணி நேரம் மடக்கி மடக்கிப் பேசும் தர்க்கம் வெட்டுப்படும். ஒரே பாட்டை ஏழு விதமாக வளைக்கும் விருத்தமும் ஆர்மோனியக்காரரின் போட்டியும் போய்விடும். எஞ்சியது உச்ச ஸ்தாயி. அதுவே நாடகம் என்று நம் காது பழகிக்கொண்டது.

கிட்டப்பாவின் குரல் இந்தத் தட்டுகளுக்கென்றே வார்த்தது போன்றது. 1926-இல் கொழும்பில் அவரும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் ஒரே மேடையில் தோன்றினர். வாழ்விலும் இணைந்தனர். பிறகு ஏழாண்டுகளே. கணவர் மறைந்ததும் அம்மையார் வெள்ளை உடுத்தி மேடையை விட்டு விலகினார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் வந்ததன் பின்னணியிலும் அந்தத் துக்கமே இருந்தது. 1980 வரை அவர் வாழ்ந்தார். கிட்டப்பாவோ தட்டில் மட்டும் இருபத்தேழு வயதுக்காரராகவே இருந்துகொண்டிருந்தார். மூப்பும் தொண்டைக் கட்டும் வாராத ஒருவரோடு, நேற்றிரவு வேறோர் ஊரில் ஆடிவிட்டுப் பேருந்தில் வந்திறங்கிய நடிகர் எப்படிப் போட்டியிட முடியும்?

இவ்வளவும் நமக்கு முன்பே தெரிந்தவைதாம். அன்று புதிதாகத் தெரிந்தது வேறு.

மாலையில் அந்தப் பெரியவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, வேடனாக வரும் முருகன் காட்டில் வள்ளியை வினவும் அந்தப் புகழ்பெற்ற பாட்டின் இரண்டு பழைய பதிவுகளைக் கேட்கச் செய்தோம். பெயர் சொல்லவில்லை. முதலில் ஒலித்தது கிட்டப்பா. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்குள் பாய்ந்து செல்லும் குரல். பெரியவர் தலையசைத்தார், அவ்வளவே. இரண்டாவது தொடங்கியதும் முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதான் சார். எங்க தாய்மாமன் கல்யாணத்துல போட்டது. இதான் கிட்டப்பா." அது 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி' படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடியது.

நாம் உண்மையைச் சொல்லவில்லை. வகுப்பறையாக இருந்தால் சொல்லியிருப்போம்.

யோசித்துப் பார்த்தால் அவர் பிழை செய்யவுமில்லை. சோழவந்தானையடுத்த தென்கரையில் பிறந்த மகாலிங்கம் சிறுவயதிலேயே மேடைக்கு வந்து, கிட்டப்பாவின் வழியைத் தம் தொண்டையில் ஏற்றிக்கொண்டவர். 1945-இல் அவரே புதிய ஒலிப்பதிவு. அவரே 'இது கிட்டப்பா ஆகுமா' என்ற கேள்விக்கு ஆளானவர். திண்ணைகள் அன்றும் இருந்திருக்குமே! பின்னர் அவரே மூலமாகிவிட்டார்.

அந்தப் படத்திலேயே நடிகர் மாற்றத்தின் வேடிக்கை ஒன்று உண்டு. அதைத் தயாரித்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் படத் தொழிலுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வாணிகம் செய்தவர். வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டு அவருக்கு நிறைவளிக்கவில்லை. படம் வெளியான பிறகு பி. ஏ. பெரியநாயகியைப் பாடச் செய்து, அக்குரலைச் சேர்த்த பிரதிகளை அனுப்பினார். முகம் அதே, குரல் வேறு. ஹாலிவுட்டில் 1964-இல் 'மை ஃபேர் லேடி' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னின் வாயசைப்புக்கு மார்னி நிக்சன் பாடினார் என்று உலகமே பேசிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அதை ஓசையின்றிச் செய்து முடித்திருந்தார். தட்டு விற்ற காது எதைக் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1961-இல் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த மற்றொரு 'ஸ்ரீ வள்ளி' வந்தது. அதில் மகாலிங்கம் நாரதர். தாம் ஆண்ட முருகன் வேடத்தை இன்னொருவர் ஏற்க, பக்கத்தில் தம்புரா ஏந்தி நின்றபோது அவர் என்ன நினைத்திருப்பார்?

புதிய பதிவைப் பற்றி நம் கருத்தையும் சொல்லிவிடலாம். ராஜபார்ட்டாகப் பாடும் இளைஞர் நல்ல குரலாளர். ஆனால் அவர் சுவாமிகளின் பாட்டைப் பாடவில்லை; மகாலிங்கத்தின் தட்டைப் பாடுகிறார். மூச்சு விடும் இடம்கூட அதே இடம். திண்ணையின் தீர்ப்புக்கு அஞ்சி அப்படிப் பாடியிருக்கிறார்; திண்ணையோ அதனாலேயே அவரைத் தள்ளிவிட்டது. கீபோர்டைப் பற்றிய குறையோடு நாமும் உடன்படுகிறோம். பண்ணைப்புரம் சகோதரர்கள் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்த மண் இது. பெட்டியின் துருத்தி மூச்சு இல்லாத வள்ளி திருமணம் நம் காதுக்கு ஏறாது. எனினும் பெருங்குறை வேறு. தர்க்கம் அதில் நான்கே நிமிடம், அதுவும் எழுதி வாசித்தது போல. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட ஸ்பெஷல் நாடகம் பற்றிய நூலில் ஒரு பகுதி பபூனின் பேச்சையும் டான்ஸ்காரியோடு அவர் ஆடும் காட்சியையுமே ஆராய்கிறது. தட்டுக்கு ஒருபோதும் ஏறாத பகுதிகள் அவை. கடல் கடந்து வந்தவருக்குப் பட்டது நம் பதிவுக்காரர்களுக்கு இன்னும் படவில்லை.

அன்றிரவு நாடகம் நடந்தது. ராஜபார்ட் நடிகருக்குத் தொண்டை சரியில்லை. உச்சத்தில் இருமுறை குரல் உடைந்தது, ஆர்மோனியக்காரர் பின்பாட்டால் தாங்கிப் பிடித்தார். பெரியவர் உச்சுக் கொட்டினார். நள்ளிரவுக்கு மேல் தர்க்கம் தொடங்கியது. வள்ளியாக வந்தவர் நாற்பதைக் கடந்த அனுபவசாலி. இந்தப் பள்ளத்தாக்கில் தினை எங்கே இருக்கிறது, எல்லாம் திராட்சைப் பந்தல் அல்லவா, நீ எதைக் காக்கிறாய் என்று நாரதர் மடக்கினார். கவணைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உடனே சொன்னார்: "பந்தலுக்கு வலையப் போட்டீங்க சாமி, தினைக்கு என்னையப் போட்டாங்க. வலைக்குக் கூலி உண்டு, எனக்குத்தான் இல்ல." பெண்கள் பக்கமிருந்து எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. பெரியவரும் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விடிந்ததும், முன்வரிசையில் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த இளைஞனிடம் அந்தத் தர்க்கத்தை நமக்கு அனுப்பக் கேட்டோம். பாட்டுகள் எல்லாம் இருப்பதாகச் சொன்னான். பேச்சு வந்ததும் சார்ஜ் வீணாகுமே என்று நிறுத்திவிட்டானாம்.