இரு திரைப்படங்களில் ஒரு மன்னன்

பழைய நாடகம் ஒன்று திரைக்கு வரும்போது அதில் எதைச் சேர்த்தார்கள் என்பதிலும் பார்க்க எதை வெட்டினார்கள் என்பதே அக்காலச் சமுதாயத்தை நமக்கு நன்கு உணர்த்தும். சேக்ஸ்பியர் 1599 அளவில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' இதற்குத் தக்க சான்றாகும்.

பிரான்சின்மீது படையெடுத்து 1415இல் அஜின்கோர்ட் களத்தில் வென்ற ஆங்கில மன்னனின் கதை இது. ஆனால் முன்னுரை முடிந்ததும் நாம் காண்பது போர்க்களத்தையன்று. இரு மதத் தலைவர்களின் இரகசிய உரையாடலையே. திருச்சபையின் நிலங்களிற் பெரும்பகுதியைப் பறிக்கும் சட்டம் ஒன்று வரவிருக்கிறது. அதைத் தடுக்கவேண்டி அவர்கள் மன்னனின் போருக்குப் பெரும் பொருள் தரவும், அப்போர் நீதியானதே என்று சான்று கூறவும் முற்படுகின்றனர். போரின் பொருளாதார வேரை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய பழைய நாடகங்கள் சிலவே.

லோறன்ஸ் ஒலிவியரின் படம் 1944இல் வெளிவந்தது. பிரித்தானிய அரசின் ஊக்கத்துடன் உருவாகிப் பிரித்தானியாவின் கமாண்டோ, வான்வழித் தரையிறங்கு படை வீரருக்கு அர்ப்பணிக்கப்பட்ட படம் அது. மதத் தலைவர்களின் சதி அதில் வெறும் நகைச்சுவையாயிற்று. ஆர்ப்ளர் நகர மக்களுக்கு மன்னன் விடுத்த கொடிய மிரட்டல், அவனுடைய பழைய தோழன் பாடொல்ப் தூக்கிலிடப்படுதல், கைதிகளைக் கொல்லுமாறு அவன் இட்ட கட்டளை ஆகிய யாவும் நீக்கப்பட்டன. பாசிசத்தை எதிர்த்து நின்ற மக்களுக்கு அன்று உள்ள உரம் தேவைப்பட்டதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மாசற்ற மன்னன் ஒருவனைப் படைத்துத்தானா அதை ஊட்டவேண்டும்? போர்க் காட்சிகள் நடுநிலை நாடான அயர்லாந்திலே படமாக்கப்பட்டன. ஆங்கில வீரத்தைத் திரையிற் காட்டுவதற்கு ஐரிஷ் உழவர்களின் தோள்கள் வேண்டியிருந்தன!

1989இல் கெனத் பிறனா அதே நாடகத்தைப் படமாக்கினார். இடையே பேரரசு கலைந்துவிட்டது. 1982இன் போக்லன்ட் போரும் நடந்து முடிந்திருந்தது. இப்போது மதத் தலைவர்கள் இருளில் நின்று சதி பேசுகின்றனர். போர்க்களம் சேறும் குருதியுமாய்க் கிடக்கிறது. பாடொல்பும் தூக்கில் தொங்குகிறான். ஆனால் அக்காட்சியிற் கமெரா தேடிச் செல்வது மன்னனின் கலங்கிய கண்களையே. தூக்கிலிடப்பட்டவனுக்காக அன்றி, தூக்கிலிட்டவனுக்காக நாம் இரங்கவேண்டுமாம்! கைதிகளைக் கொல்லும் கட்டளையோ இப்படத்திலும் இல்லை. போரின் துயரத்தை ஒப்புக்கொள்ளத் துணிந்த தாராளவாத மனச்சாட்சி, ஆள்வோனின் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமளவுக்குத் துணியவில்லை.

நாடகத்தில் வில்லியம்ஸ் என்றொரு சாதாரணப் படைவீரன் வருகிறான். போரின் காரணம் நீதியற்றதாயின், வெட்டுண்ட கால்களுக்கும் கைகளுக்கும் மன்னனே கணக்குச் சொல்லவேண்டும் என்கிறான். ஒலிவியர் இவ்வார்த்தைகளை இளஞ்சிறுவன் ஒருவனின் வாயில் வைத்து, அச்சத்தின் புலம்பலாக்கினார். பிறனா அவற்றை வில்லியம்சிடமே திருப்பிக் கொடுத்தார்; மாறிய காலத்தின் மெய்யான அடையாளம் இதுவென்றே கருதுகிறோம். மாறுவேடத்தில் நிற்கும் மன்னனின் விடையோ போரின் நீதியைத் தொடவில்லை. வீரர்கள் தத்தம் பாவங்களுக்குத் தாமே பொறுப்பு என்று நீண்ட உரையாற்றுகிறான். நாடகத்திற் பின்னர் அவன் வில்லியம்சுக்குக் கையுறை நிறையப் பொற்காசு கொடுக்கிறான்.