நிரல் துணுக்கும் மதிலகம் ஓலையும்

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நாலு வரி நிரல் எழுதுவது பெரிய விஷயமில்லை, போன வருஷம் எழுதினதைத் திரும்பத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. இதற்கென்றே கட்டளை வரியில் ஓடும் சின்னச் சின்னக் கருவிகள் உண்டு. 2017இல் வந்த 'பெட்' அதில் ஒன்று. ஒரு கட்டளையைச் சேமிக்கச் சொன்னால், கூடவே அதற்கு ஒரு வரி விளக்கமும் கேட்கும். இரண்டையும் சாதாரண உரைக் கோப்பில் போட்டு வைக்கும். பிறகு ஞாபகத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சொல்லைத் தட்டினால் எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான்.

ஏதோ புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1949 மே 6 அன்று எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. அடிக்கடி தேவைப்படும் துணுக்குகளை ஓட்டை போட்ட காகித நாடாக்களில் பதித்து, இரும்பு அலமாரியில் அடுக்கினார்கள். வேண்டியவர் எடுத்து, தன் நாடாவில் நகல் செய்துகொண்டு, மூலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. அச்சடிக்க 'பி', முக்கோணவியலுக்கு 'டி'. வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டபோது 87 துணுக்குகள் சேர்ந்திருந்தன. புத்தகத்தில் ஒரு பகுதி, எந்தத் துணுக்கு எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்ற விவரம்தான்.

பிறகு யூனிக்ஸ் வந்தது. 1970களின் கடைசியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல், நாம் தட்டிய கட்டளைகளைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது. 1989இல் குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷும் அப்படியே. நாம் மாற்றாவிட்டால் கடைசி 500 கட்டளைகளை வைத்திருக்கும். என்ன தட்டினோம் என்று சொல்லும். ஏன் தட்டினோம் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெட் மாதிரி கருவிகள் வந்தன.

அந்த குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். நம்ம ஸ்ரீவராகத்துக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை. ஆனால் துணுக்குகளைச் சேர்த்து வைக்கும் விஷயத்தில் நம் ஊருக்கு இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான் கோட்டை. பத்மநாபசுவாமி கோயிலின் வரவு செலவு, நிலம், பூஜை, வழக்கு எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் பனை ஓலையில் எழுதப்பட்டன. இவைதான் மதிலகம் ஆவணங்கள். ஓலைகளைக் கட்டி வைத்த கட்டுக்குச் சுருணை என்று பெயர். கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் 3000க்கும் மேற்பட்ட சுருணைகள் இருக்கின்றன. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்த செய்தியும் இதில் உண்டு.

2011இல் நிலவறைகளைத் திறந்தபோது, இந்த நகையெல்லாம் யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று உலகமே கேட்டது. பதில் தேட வேண்டிய முதல் இடம் இந்த ஓலைகள். ஆனால் படித்து வகைப்படுத்தியது கொஞ்சம்தான். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள், காத்தவர்களும் பத்திரமாகத்தான் காத்தார்கள். எந்தச் சுருணையில் எது என்ற முழு அட்டவணைதான் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளிலும் மடிக்கணினி நிறைய நிரல், ஊர் வீட்டுப் பத்திரம், பாட்டி சொன்ன வடுமாங்காய் அளவு எல்லாம் கிடக்கும். சேர்த்து வைக்கும்போதே இது என்ன, எதற்கு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். யூனிகோட் இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். பிள்ளைகளுக்கு அதைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டால், நாளைக்கு நாம் இல்லாதபோதும் அவர்களால் தேடி எடுக்க முடியும்.