காற்று குடித்த இஞ்சின்

கேத்தாம் தீவிலிருந்து திரும்பும்போது நடுவழியில் எங்கள் படகு நின்றது. இஞ்சின் ரெண்டு தடவை திணறி அடங்கிவிட்டது. நீரோட்டம் எங்களைக் கப்பல் போகும் பாதைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. படகுக்காரர் ஸ்டார்ட்டரை விடாமல் திருகினார். "பேட்டரியும் போயிரும்," என்ற மாமா, அதையே மலாயில் அவருக்கும் சொன்னார்.

மாமா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். செந்தூல் பட்டறையில் டீசல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா நீராவி ஆள். 1957இல் ரயிலை இழுக்கும் பெரிய டீசல் இஞ்சின்கள் வந்ததும் தொழிலே மாறியது. 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, ஜப்பான் காலம் போக, 1963வரை நடத்தியதும் அதே ரயில்வேதான். (கிள்ளான் துறைமுகம் என்ற பெயர் 1972இல்தான் வந்தது.) நம் வரலாற்றுக் கட்டுரைகளோ தமிழனைத் தண்டவாளத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன.

மாமா முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். காற்றுத்துளை அடைத்திருந்தால் டீசல் வராது. திறந்ததும் 'உஸ்'ஸென்று காற்றை இழுக்கும். சத்தமில்லை. பில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் இல்லை. பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, பம்ப்பின் கைப்பிடியை அடித்தார். நுரை நுரையாக வந்தது.

"எங்கயும் ஒழுகலயே மாமா?"

"பம்ப்புக்கு முன்னாடி ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராதுடா. காத்துதான் உள்ள போகும்."

டேங்கிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. முறுக்கினார். குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, திருகை இறுக்கினார்.

மூன்றாவது தடவையில் இஞ்சின் பிடித்தது. கரைக்கு வந்த பிறகும் அவர் பேச்சு அந்தக் கிளிப்பைப் பற்றித்தான்: "துருப்புடிச்சிருக்கு, மாத்தணும்."