மெம்பிஸ் மூவர்

ராக்கபில்லி என்றதும் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரே முதலில் நாவில் வரும். வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பரின் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்த அவ்விசைக்கு, அதே மெம்பிஸ் நகரில் இன்னொரு குழுவும் உழைத்தது: 'ராக் அண்ட் ரோல் டிரையோ'. பாடகர் ஜானி பர்னெட், அவருடைய அண்ணன் டார்சி, கிதார் கலைஞர் பால் பர்லிசன். பின்னவர் இருவரும், எல்விஸ் லாரி ஓட்டிய கிரவுன் எலக்ட்ரிக் நிறுவனத்திலேயே மின்பணி செய்தவர்கள்.

1956இல் நியூயார்க் சென்று டெட் மேக்கின் தொலைக்காட்சிப் போட்டியில் மூன்று முறை வென்றனர். கோரல் நிறுவனம் ஒப்பந்தம் தந்தது. கறுப்பினக் கலைஞர் டைனி பிராட்ஷா 1951இல் தந்த 'தி டிரெயின் கெப்ட் எ ரோலின்' பாடலை அவ்வாண்டே நாஷ்வில்லில் பதிவு செய்தனர். அதன் கரகரத்த கிதாரொலி அன்று புதிது. ஆம்ப்ளிஃபயரில் வால்வு தளர்ந்ததால் வந்த பிசிறு என்றார் பர்லிசன். வாசித்தவரே நாஷ்வில்லின் கிரேடி மார்ட்டின்தான் என்போரும் உண்டு. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

தட்டுகள் விற்கவில்லை. ஆனால் குழுவை உடைத்தது பெயர்தான் என்பேன். ஜானியின் பெயரை மட்டும் முன்னிறுத்தி அச்சிட்டதால் மனம் கசந்த டார்சி, அந்த ஆண்டே விலகினார். தன் பாட்டின் தொடரையே பெயராகப் பெற்ற செம்புலப்பெயனீராரைப் பாடம் நடத்தும் எனக்கு இது முதலில் சிறுமையாகப் பட்டது. கூலி கிடைக்காத இடத்தில் பெயராவது வேண்டாமா?

1957இல் குழு கலைந்தது. 'யூ ஆர் சிக்ஸ்டீன்' பாடலால் 1960இல் தனித்துப் புகழ்பெற்ற ஜானி, 1964இல் கலிபோர்னியாவில் படகு விபத்தில் இறந்தார்; வயது முப்பது. மறு ஆண்டு இங்கிலாந்தின் யார்ட்பேர்ட்ஸ் குழு மெம்பிஸுக்கே வந்து அந்த ரயில் பாட்டைப் பதிவு செய்தது.