முகப்பு விளக்கினுள் நீர்ப்படிவு

கார் முதலிய மோட்டார் வாகனங்களின் முகப்பு விளக்குக்குள், அதாவது ஹெட்லைட்டுக்குள், அடங்கிய காற்றிலுள்ள நீராவி முன்புறக் கண்ணாடியின் உட்பரப்பில் குளிர்ந்து நுண்துளிகளாகப் படிந்து அதை மங்கச் செய்வது நீர்ப்படிவு எனப்படும். மழைக்கால இரவுகளிலும், பனி இறங்கும் விடியற்பொழுதிலும், வாட்டர் சர்வீஸ் செய்த சிறிது நேரத்திலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. காண்போர் பலரும் இதை நீர்க்கசிவு என்றே கருதினாலும், இயல்பாகப் படியும் ஆவியும் கசிவினால் சேரும் நீரும் தோற்றுவாயிலும் அளவிலும் விளைவிலும் வெவ்வேறானவை.

இன்றைய ஹெட்லைட் காற்றுப் புகாத பெட்டியன்று. அதன் பின்கூடு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகிறது. பேச்சுவழக்கில் கண்ணாடி எனப்படும் முன்மூடியும் உண்மையில் பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கே. கூட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் இடப்படும் பியூட்டைல் ரப்பர் போன்ற ஒட்டுப்பசை இவ்விரண்டையும் இணைக்கிறது. பல்பு மாற்றுவதற்காகப் பின்புறம் உள்ள திறப்புகளை, பணிமனைகளில் டஸ்ட் கவர் என வழங்கும் மூடிகள் அடைக்கின்றன. இவற்றைத் தவிர, காற்று வந்துபோவதற்கென்றே சில சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். சில விளக்குகளில் இவை கீழ்நோக்கி வளைந்த ரப்பர்க் குழாய்களாகவும், வேறு சிலவற்றில் பிடிஎஃப்இ என்னும் பொருளாலான மெல்லிய சவ்வு ஒட்டிய துளைகளாகவும் அமைகின்றன. அச்சவ்வின் நுண்துளைகள் காற்றையும் நீராவியையும் கடக்கவிட்டு, நீர்த்துளியையும் சேற்றையும் தடுத்துவிடும்.

இத்துளைகளின் தேவையை எளிய கணக்கொன்று காட்டும். ஹாலஜன் பல்பு, தான் கொள்ளும் 55 வாட் மின்னாற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடுகிறது. அதனால் 30 பாகை செல்சியசில் இருந்த உட்காற்று 80 பாகை வரை சூடேறுமாயின் அதன் பருமன் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு பெருகும். விளக்கின் கொள்ளளவு 5 லிட்டர் எனில் முக்கால் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வெளியேற வழி தேடும். விளக்கு முற்றாக அடைபட்டு, விரிந்துகொடுக்காததாகவும் இருந்தால், 600 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள முன்மூடியை ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு நிகரான விசை உள்ளிருந்து தள்ளும். பின்னர் மழையோ கழுவும் நீரோ பட்டு விளக்கு திடீரெனக் குளிர்கையில் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, ஒட்டுப்பசையில் நலிந்த இடம் எதுவோ அதன் வழியே வெளிநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே விளக்கு உலர்ந்திருப்பதற்கே அது காற்றை உள்வாங்கி வெளிவிட வேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் இச்சிக்கல் அரிதாகவே இருந்தது. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து வழக்கிற்கு வந்த சீல்டு பீம் விளக்கில் இழையும், எதிரொளிப்பானும், கண்ணாடியும் ஒரே உருப்படியாக அடைக்கப்பட்டிருந்தன. பழுதானால் முழு விளக்கையும் மாற்றுவதே முறை. பல்பை மட்டும் கழற்றி மாற்றும் விளக்குகளுக்கு 1983இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. அதன்பின் வாகன முகப்பின் வளைவுக்கேற்ப விரும்பிய வடிவில் வார்க்கக்கூடிய பிளாஸ்டிக் விளக்குகள் பெருகின. கூடவே இணைப்புகளும் மூடிகளும் துளைகளும் பெருகின.

நீர்ப்படிவின் இயற்பியல் பனிப்புள்ளி என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால், அது தாங்கியிருக்கும் நீராவி தெவிட்டிய நிலையை அடைந்து துளியாகத் தொடங்கும் வெப்பநிலையே பனிப்புள்ளி. ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதமாக உள்ள 30 பாகைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதன் பனிப்புள்ளி 26 பாகையை ஒட்டியது. சென்னை போன்ற கடலோர நகரங்களில் இத்தகைய காற்று இயல்பானதே என்பதால், மழை நனைத்து முன்மூடியின் வெப்பம் நான்கைந்து பாகை தணிந்தாலே உட்புறம் மங்கிவிடுகிறது. மழையே இல்லாத தெளிந்த இரவிலும், வெட்டவெளியில் நிற்கும் காரின் முன்மூடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடுவது உண்டு.

இங்கு நீரின் அளவை உற்றுநோக்குதல் வேண்டும். மேற்சொன்ன காற்று 5 லிட்டர் அளவில் தாங்கும் மொத்த நீரே 0.12 கிராம்தான், முன்மூடி 22 பாகைக்குக் குளிர்ந்தால் அதில் துளியாக மாறுவது 0.025 கிராம், அதாவது அரைத்துளி நீர். அந்த அரைத்துளி எண்ணற்ற நுண்துளிகளாகப் பரவுவதே விளக்கை வெண்மையாக மங்கச் செய்யப் போதும். உட்காற்றைக் காட்டிலும் மிகுந்த நீரை விளக்கின் பிளாஸ்டிக் பாகங்களே தம்முள் உறிஞ்சி வைத்திருக்கின்றன என்பது பலரும் அறியாதது. பாலிகார்பனேட் தன் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீரை ஈர்க்கவல்லது. எனவே அரைக் கிலோ எடையுள்ள பாகங்கள் அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரை நீரைக் கொண்டிருக்கக்கூடும். விளக்கு எரிகையில் பல்பை ஒட்டிய பாகங்கள் சூடேறி அந்நீரை ஆவியாக வெளியிட, அது வெப்பம் எட்டாத கீழ்மூலைகளில் சென்று படிகிறது. விளக்கைப் போட்டதும் மங்கல் சற்றே கூடுவதற்குக் காரணம் இதுதான்.

எல்இடி விளக்குகளின் வருகை இச்சிக்கலை மேலும் கூட்டியுள்ளது. ஹாலஜன் ஒளியில் கலந்த அகச்சிவப்புக் கதிர்கள் முன்மூடியைச் சூடாக்கிப் படிந்த ஆவியைத் தாமே ஓட்டிவிடும். எல்இடி ஒளிக்கற்றையிலோ அகச்சிவப்பு மிகக் குறைவு. அதன் வெப்பம் பின்புறமுள்ள உலோக வெப்பத்தகடுகள் வழியே வெளியேறுவதால், முன்மூடி குளிர்ந்தே கிடக்கிறது. ஆதலால் உற்பத்தியாளர்கள் சிலர் முன்மூடியின் உட்புறத்தில் நீரீர்ப்புத் தன்மையுள்ள பூச்சு ஒன்றை இடுகின்றனர். அப்பூச்சின் மேல் நீர் உருண்டு திரளாமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் ஒளி சிதறாமல் கடந்துசெல்லும்.

ஒளிச்சிதறலே நீர்ப்படிவின் முதன்மையான தீங்கு. ஒவ்வொரு துளியும் ஒளியை வெவ்வேறு திசைக்கு வளைப்பதால் சாலையில் விழவேண்டிய ஒளி குறைவதோடு, தாழ்கற்றையின் மேல்விளிம்பும் கலைந்து, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்கிறது. ஈரம் நெடுநாள் தங்கினால், எதிரொளிப்பான்மீது வெற்றிடத்தில் படிவிக்கப்பட்ட மெல்லிய அலுமினியப் படலம் கறைபட்டு உரியும், மின்னிணைப்புகள் துருவேறும். பற்றவைப்பதற்கு 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேவைப்படும் செனான் விளக்குகளில், ஈரம் புகுந்தால் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியே செயலிழக்கக்கூடும்.

இயல்பான படிவையும் கசிவையும் பிரித்தறிய நீரின் அளவே சிறந்த சான்று. மெல்லிய புகைபோல் படிந்து, விளக்கை எரியவிட்டு வாகனம் ஓடியபின் மறைந்துவிடுவது பழுதன்று. வழிந்தோடும் பெருந்துளிகளும், கூட்டின் அடியில் குலுங்கும் நீரும் உட்காற்றிலிருந்து ஒரே இரவில் வந்திருக்க முடியாது என்பதை மேற்கண்ட கணக்கே மெய்ப்பிக்கிறது. வண்டியை விற்றவர் அதனை இயல்பானது என்று சொன்னாலும் உரிமையாளர் அதை ஏற்க வேண்டியதில்லை. ஒரே காற்றில், ஒரே மழையில் நிற்கும் இரு விளக்குகளில் ஒன்று மட்டும் நாள்தோறும் நனைந்திருப்பதும் கசிவையே பெரிதும் சுட்டும். வெயிலின் புறஊதாக் கதிரால் முன்மூடியின் வெளிப்புறம் மஞ்சளித்து மங்குவது இவற்றோடு தொடர்பற்ற வேறொரு சிதைவு.

கசிவுக்கான காரணங்களுள், பல்பு மாற்றியபின் டஸ்ட் கவரைச் சரியாகப் பொருத்தாமல் விடுவது மிகப் பொதுவானது. விசிறி பொருத்திய எல்இடி பல்புகளைப் பின்னாளில் மாட்டுவோர், பல்பின் நீளம் இடங்கொடாததால் மூடியைத் துளையிடுவதும் கழற்றியே வைத்துவிடுவதும் உண்டு. அப்போது ஈரத்தோடு தூசியும் புகுந்து எதிரொளிப்பானைக் கெடுக்கும். சிறு மோதலில் கூட்டில் விழும் மயிரிழை விரிசல், வயதேறிய ஒட்டுப்பசை, சேறடைத்த காற்றுத்துளை, இணைப்பை நோக்கி நெருக்கமாகப் பாய்ச்சும் உயரழுத்த நீர் ஆகியவை பிற காரணங்கள்.

சீர்செய்கையில் முதலில் மூடிகளையும் ரப்பர் வளையங்களையும் காற்றுத்துளைகளையும் சோதித்தல் வேண்டும். பின்மூடியைக் கழற்றி மிதமான வெப்பக்காற்றால் உலர்த்தலாம். ஈரமுறிஞ்சும் சிலிகா ஜெல் பொதிகள் எஞ்சிய ஆவியைக் கொள்ளுமே அன்றிக் கசிவை அடைக்கமாட்டா. ஒட்டுப்பசை தளர்ந்திருந்தால், விளக்கைக் கழற்றிச் சூடாக்கிப் பிரித்துப் புதுப் பசையிட்டு மூடுவதே முறையான வழி. காற்றுத்துளைகளை சிலிகோன் பசையால் அடைப்பது ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துவதாகும். அதிலும் புளிப்பு நெடி வீசும் வகைப் பசை, உலரும்போது அசெட்டிக் அமில ஆவியை வெளியிட்டு அலுமினியப் படலத்தை அரிக்கவல்லது. கூட்டில் புதிதாகத் துளையிடுவதும் தூசிக்கும் நீருக்கும் நிலையான வாயில் திறப்பதே. அவ்வாறு துளையிட்ட விளக்கு உத்தரவாதத்தையும் இழக்க நேரும் என்பதால், உத்தரவாதக் காலம் முடியாத வாகனங்களில் நீர் தேங்கியிருப்பதை ஒளிப்படமெடுத்து விற்பனையாளரிடம் மாற்று விளக்கு கோருவதே தக்கது.