காப்டன் ட்ரைப் பிடித்த படங்கள்

எங்கள் ஊரில் நம் முன்னோர் தருமத்தால் எழுந்த சத்திரம் ஒன்று இருந்தது. நடுவே திறந்த முற்றம். முற்றத்தைச் சூழப் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள். முகம் பார்க்குமளவு பளபளத்த சுண்ணாம்புச் சுவர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதனை இடித்துப் புதிய கலியாண மண்டபம் எழுப்பினோம். இடிப்பதற்குக் கையொப்பமிட்ட கமிட்டியில் யானும் ஒருவன். அண்மையில் ஊர் வரலாறொன்று எழுதப் புகுந்த இளைஞர் சிலர், பழைய சத்திரத்தின் படம் ஒன்று வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டனர். அகப்பட்டது ஒரு கலியாணப் படமே. அதில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னால் ஒரு தூணின் போதிகை பாதி தெரிகிறது. எத்தனையோ தலைமுறை உண்டு உறங்கிய கட்டிடத்திற்கு எஞ்சிய சாட்சி அவ்வளவே.

அந்த வெட்கத்தினால், நம் நாட்டுக் கட்டிடங்களை முதன்முதல் முறையாகப் படம் பிடித்தவர்கள் யாவர் என்று தேடத் தலைப்பட்டேன். அவர்களுள் தலைமையானவர் லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலேயர். இவர் 1822-ம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். நீண்ட விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்த காலத்தில் அப்பொழுது புதிதாய்த் தோன்றியிருந்த போட்டோக் கலையைக் கற்று, 1853-ல் லண்டன் போட்டோகிராபிக் சங்கத்தில் அங்கத்தினரானார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பியவர், அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஹொய்சளர் ஆலயங்களுக்குச் சென்று படங்கள் எடுத்தார். மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் வைத்த 68 படங்களே காகிதப் படங்களுள் சிறந்தவையெனப் பாராட்டப்பெற்றன.

அக்காலத்தில் படம் பிடித்தல் இன்றுபோல் கைப்பேசியைத் தூக்கிக் காட்டும் வேலையன்று. ட்ரைப் கையாண்டது மெழுகுக் காகித முறை. மெல்லிய காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஏற்றி, அதனை அயோடைடு உப்பு நீரில் ஊறவைத்துப் பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து ஒளி உணர்வு பெறச் செய்வர். பெட்டியில் வைத்து ஒளி காட்டிய பின், மாசிக்காயிலிருந்து எடுக்கப்படும் காலிக் அமிலத்தில் இட்டால் உருவம் மெல்ல மெல்லத் தோன்றும். கண்ணாடித் தட்டு முறையும் அப்போது வழக்கில் இருந்தது. அதில் படம் இன்னும் துலக்கமாக விழும். ஆயினும் தட்டின் ஈரம் உலருமுன் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். நம் நாட்டு வெயிலில் ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? கண்ணாடியோ கனமானது, வண்டிப் பாதையின் குலுக்கலில் உடையக் கூடியது. மெழுகுக் காகிதத்தைச் சில நாள் முன்னதாகவே ஆயத்தம் செய்து கொள்ளலாம். பத்திரமாக வைக்கலாம். மாட்டு வண்டியில் யாத்திரை செய்தவருக்கு அதுவே உகந்ததாயிற்று. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லாமையால், வேண்டிய அளவிற்கே காகிதமும் பெட்டியும் இருத்தல் அவசியம். அவருடைய காகிதம் ஏறக்குறைய 10 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உள்ளதென்றால், பெட்டியின் பருமனை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. நீல ஒளிக்கு அக்காகிதம் மிகையாக இளகும். ஆதலால் வானம் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். ட்ரைப் மூலப் படத்தின் மேலேயே வர்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைகளையும் சில இடங்களில் திருத்தினார். அது பொய்யன்றோ என்று கேட்பவர் உளர். மேகத்தில் பொய் சொன்னாரே ஒழியக் கல்லில் சொல்லவில்லை என்பதே என் விடை.

1855-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கம்பெனியார் ஆர்தர் பேயர் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஒரு தூதுக் கூட்டத்தைப் பர்மா அரசராகிய மிண்டோனிடம் அனுப்பினர். போரில் பிடித்துக் கொண்ட பெகு நாட்டைத் தமக்கே உரியதென அரசர் எழுதிக் கொடுக்க வேண்டுமென்பது கம்பெனியாரின் விருப்பம். மிண்டோன் இசையவில்லை; தூது அவ்வகையில் வீணாயிற்று. ஆனால் அக்கூட்டத்துடன் ட்ரைப்பும் தம் பெட்டியோடு சென்றிருந்தார். மழைக்காலமாயிருந்தும், உடல் நலம் குன்றியும், இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் திரும்பினார். அவற்றுள் பகானில் உள்ள செங்கற் கோயில்கள் உள. அமரபுரத் தலைநகரின் மரமாளிகைகளும், கொடியும் பூவுமாகக் கடைந்த மர மடாலயங்களும் உள.

அந்த அமரபுரத்திற்குப் பின்னர் நேர்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாண்டு கழித்து, 1857-ல், மிண்டோன் மாந்தளையில் புதிய தலைநகர் அமைக்கத் தொடங்கினார். அமரபுர அரண்மனையின் மரங்கள் கழற்றப்பட்டு மாந்தளையில் மறுபடியும் பூட்டப்பட்டன. 1945-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நடந்த போரில் அந்த மாந்தளை அரண்மனை தீக்கிரையாயிற்று. முன்னரே மதிலுக்கு வெளியே கொண்டு போய் மடாலயமாக அமைத்த ஷ்வே நந்தோ என்னும் கட்டிடம் பிழைத்தது. பகானிலோ, 1975-ம் ஆண்டு ஜூலை மாதத்து நிலநடுக்கத்தில் கௌடபலின் கோயில் கடுமையாகச் சிதைந்து, பின்னர் பழுது பார்க்கப்பட்டது. அதனையும் ட்ரைப் பிடித்திருக்கிறார். தூதின் காரியம் ஏட்டோடு போயிற்று. உடன் சென்றவர் பெட்டியில் அடைத்து வந்ததே நின்றது.

கம்பெனியின் டைரக்டர்கள் பழைய கட்டிடங்களைச் சித்திரக்காரரைக் கொண்டு வரைவதினும் போட்டோ எடுத்தலே நன்றென்று 1855-ல் எழுதியிருந்தனர். அதன்படி ட்ரைப் சென்னைத் துரைத்தனத்தின் போட்டோகிராபராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுச் சேலம் ஜில்லாவின் கோட்டைகள், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் சுற்றினார். வடக்கே சிப்பாய்களின் கலகம் இன்னும் அடங்காத காலம் அது. ஆளும் கூட்டத்தின் அதிகாரி ஒருவர், ஆளப்படுவோரின் கோயில்களை அளந்தெடுப்பது போல் படம் பிடித்துச் செல்கிறார் என்பதை நாம் மறத்தற்கில்லை. அப்படங்களில் மக்களைக் காண்பது அரிது. நிமிஷக் கணக்கில் ஒளி காட்ட வேண்டியிருந்தமையின் நடமாடுவோர் படத்தில் பதியார் என்பது ஒரு காரணம். கட்டிடமே அவருக்கு வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. ஜனத்திரள் ஓயாத மதுரை அவர் படத்தில் துறவியின் குகைபோல் இருக்கிறது.

மதுரைப் படங்களுள் யான் நெடுநேரம் பார்த்தது புதுமண்டபத்தின் தென்புறத்து நடைவழி. திருமலை நாயக்கர் எடுப்பித்த மண்டபம் அது. மேற்கு வாயிலில் நின்று உட்புறம் நோக்கி எடுத்திருக்கிறார். தூண்கள் இரு மருங்கும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிறுத்துச் செல்கின்றன. பக்கத்திலிருந்து வரும் வெயில் தூண்களுக்கு இடையே புகுந்து தரையில் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. உள்ளிடத்தைப் படம் எடுப்பதில் உள்ள தொல்லை, எடுத்துப் பார்த்தவர்க்கே தெரியும். வெயில் படும் கல் வெளுக்காமலும், இருள் மூலை மையாகாமலும் இரண்டையும் ஒரே காகிதத்தில் அடக்க வேண்டும். விளக்கு ஏதுமின்றி, தரையில் பட்டு எழும் ஒளியையே நம்பி இதனைச் சாதித்திருக்கிறார். பிற்காலத்தில் தையற்காரரும் வளையல், பாத்திரம் விற்போரும் நெடுங்காலம் அம்மண்டபத்தை நிரப்பியிருந்தமையால், வெறும் மண்டபத்தைக் காண விரும்பியோர்க்கு அவர் படமே துணையாய் இருந்து வந்தது.

திருமலை நாயக்கர் மஹாலையும் அவர் எடுத்தார். 1866 முதல் 1872 வரை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதனைச் செப்பனிட உத்தரவிட்டதும், இன்று நாம் காண்பது அச்செப்பனிட்ட மஹால் என்பதும் பலரும் அறிந்ததே. ட்ரைப் கண்டது செப்பனிடுவதற்கு முந்திய மஹால். பழுது பார்த்தவர் எதனைச் சேர்த்தார், எதனை விட்டார் என்று ஆராய்வோருக்கு அப்படங்கள் அளவுகோல்.

அவர் செய்தவற்றுள் மிக்க வியப்பானது தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது. விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் சாசனத்தைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். தமிழ் எழுத்தில் வெட்டிய அச்சாசனத்தைப் படிக்க அவரால் இயலாது. அக்காலத்தில் அக்கோயிலைக் கட்டியவன் யாரென்பதே ஐயத்தில் இருந்தது. ஸ்தலபுராணம் கரிகாலனைக் கூறிற்று. வரி முறிந்தால் பொருள் கெடும் என்பதை மட்டும் ட்ரைப் உணர்ந்திருந்தார் போலும். ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு பொருந்துமாறு, பெட்டியைக் கல்லுக்கு ஒரே தூரத்தில் வைத்து நகர்ந்து நகர்ந்து எடுத்திருக்கிறார். பொருளறியாதவன் இத்துணை மரியாதை காட்டினான். பொருளறிந்த நம்மவர் சிலர் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்ததையும் கண்டிருக்கிறேன்.

வேலை நெடுநாள் ஓடவில்லை. 1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் சென்னைக் கவர்னராக வந்தார். 1840-களில் ஐர்லாந்துப் பஞ்சத்தின்போதே கைச்சுருக்கத்திற்குப் பெயர் பெற்றவர். கலகச் செலவினால் பொக்கிஷம் வறண்டிருந்த அவ்வேளையில், படம் பிடித்தல் ஆடம்பரச் செலவென்று கருதி ட்ரைப்பின் அலுவலகத்தை மூடச் செய்தார். டிரெவெல்யனும் அங்கே நிலைக்கவில்லை. மேலிடத்தின் வரித்திட்டத்தைப் பகிரங்கமாய் எதிர்த்தமைக்காக 1860-லேயே திருப்பியழைக்கப்பட்டார். எங்கள் சத்திரத்தை இடித்த கமிட்டியிலும், இடிக்குமுன் போட்டோகிராபர் ஒருவரை அழைக்கலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார். அது வீண் செலவென்று நாங்களே தள்ளினோம். ஆகையால் கவர்னரை வைய எனக்கு நாவெழவில்லை.

அதன்பின் ட்ரைப் பட்டாள வேலைக்கே திரும்பினார். படம் எடுத்தது மிகச் சொற்பம். 1870-களில் ஓய்வு பெற்று இங்கிலாந்து சேர்ந்தார். ஹூல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தஞ்சைச் சாசனங்களை எழுத்தெழுத்தாய்ப் படித்து, 1891 முதல் தென்னிந்தியச் சாசனங்கள் வரிசையின் இரண்டாம் தொகுதியாகச் சென்னையில் அச்சேற்றினார். கட்டியவன் முதலாம் இராஜராஜன் என்பதும், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் என்பதும், பொன்னின் நிறை முதல் கோயிற்பணிக்கு வந்த பெண்டிர் நானூற்றுவரின் பெயர் வரை அங்கே குறிக்கப்பட்டிருப்பதும் அப்போதுதான் உலகிற்குத் தெளிவாயின. அந்நாளில் ட்ரைப் உயிருடன் இருந்தார். 1902-ம் ஆண்டு, தாம் பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார்.